காணாத கணினியில் கட்டிய இல்லங்கள்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது தமிழ் மக்கள் வழக்கில் ஊறிய பழமொழி. மாணவனின் முகத்தைப் பார்த்தே பாடம் விளங்கியதா இல்லையா என்பதை ஆசிரியர் உணர்ந்துகொள்கிறார். நோயாளியின் முகத்தைப் பார்த்தே மருத்துவர் பாதி நோயை அறிந்துவிடுகிறார். ஆனால் முகமே இல்லாத ஒன்றோடு பழக நேர்ந்தால் என் செய்வது? அதற்குத் திரை இல்லை, விசைப்பலகை இல்லை, சுட்டி இல்லை. எங்கோ தொலைதூரத்தில், குளிரூட்டிய கூடமொன்றில், இரும்புச் சட்டங்களில் அடுக்கிய பெட்டிகளுள் ஒன்றாக அது இரவும் பகலும் ஓயாது இயங்கிக்கொண்டிருக்கிறது. கணினித் துறையினர் இத்தகைய கணினியைத் 'தலையில்லாக் கணினி' என்றே அழைக்கின்றனர். தலை என்று அவர்கள் குறிப்பது திரையைத்தான்.

அந்தக் காணாத கணினிக்குள்ளேயே மேலும் சில கணினிகளை உருவாக்கி வாழவைக்கும் கலை ஒன்று உண்டு. அவ்வாறு உருவாக்கப்படும் கணினிகளைக் கையால் தொட இயலாது. ஆயினும் மெய்யான கணினி செய்யும் பணிகளையெல்லாம் அவை செய்யும். மெய்நிகர் பொறிகள் என்பது அவற்றின் பெயர். தொலைவிலுள்ள தலையில்லாக் கணினியில் மெய்நிகர் பொறிகளை அமைக்க முனைபவனுக்குக் கண் உதவாது; கையும் உதவாது. எழுதும் சொல்லும், எழுதுமுன் எண்ணும் எண்ணமுமே அவனுக்குத் துணை. மொழியைத் தொழிலாகக் கொண்ட ஆசிரியர்களும் அதனைப் பயிலும் மாணவர்களும் இக்கலையைப் பற்றிச் சிறிதேனும் அறிந்திருப்பது நன்று.

ஒரு கட்டடம், இரு பள்ளிகள்

மலேசிய நாட்டில் இடநெருக்கடி மிகுந்த பள்ளிகளில் காலைப் பிரிவு, மாலைப் பிரிவு என இருவேளை வகுப்புகள் நடைபெறுவது உண்டு. காலையில் ஒரு வகுப்பு அமர்ந்த நாற்காலிகளில் மாலையில் வேறொரு வகுப்பு வந்து அமரும். கரும்பலகை ஒன்றே, மணியும் ஒன்றே. எனினும் ஒரு பிரிவின் வருகைப் பதிவேடு மற்றப் பிரிவின் பதிவேட்டோடு கலந்துவிடுவதில்லை. மெய்நிகர் பொறிகளின் வாழ்வும் இவ்வாறே அமைகிறது. ஒரே செயலியையும் ஒரே நினைவகத்தையும் பல பொறிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. பள்ளியில் நாளுக்கு ஒருமுறை நிகழும் வேளைமாற்றம் அங்கே ஒரு நொடிக்குள் பன்முறை நிகழ்கிறது. ஒவ்வொரு பொறியும் கட்டடம் முழுவதும் தனக்கே உரியது என்று எண்ணிக்கொள்கிறது. இந்தப் பங்கீட்டை நடத்தும் தலைமையாசிரியராக விளங்குவது மேற்பார்வை நிரல்.

இக்கருத்து நேற்று முளைத்த காளான் அன்று. கணினி ஒன்றின் விலை பெரும் நிறுவனங்கள் மட்டுமே தாங்கக்கூடியதாக இருந்த 1960-களில், ஒரே கணினியைப் பலருக்கும் எவ்வாறு பங்கிடுவது என்ற வினா எழுந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிவியல் நிலையத்தில், ராபர்ட் கிரீசி என்பவர் தலைமையில் ஒரு குழுவினர் இதற்கு விடை கண்டனர். சி.பி.-40 என்னும் அவர்களது மேற்பார்வை நிரல் 1967-ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே கணினியில் 14 மெய்நிகர் பொறிகளை அது ஒருங்கே இயக்கவல்லதாக இருந்தது. அவ்வழியில் பிறந்த வி.எம்./370 என்னும் அமைப்பை ஐ.பி.எம். நிறுவனம் 1972-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தது.

இலக்கியம் தோன்றிய பின்னரே இலக்கணம் பிறக்கும் என்று தமிழாசிரியர்கள் கூறுவர். இங்கும் பொறி பிறந்த பின்னரே அதற்கு இலக்கணம் பிறந்தது. 1974-ஆம் ஆண்டில் ஜெரல்டு போபெக், ராபர்ட் கோல்டுபெர்க் என்னும் அறிஞர் இருவர் மூன்று விதிகளை வகுத்தனர். மெய்நிகர் பொறியில் ஓடும் நிரல், மெய்யான கணினியில் ஓடுவது போலவே நடந்துகொள்ள வேண்டும் என்பது முதல் விதி. அந்நிரலின் கட்டளைகளுள் மிகப் பெரும்பாலானவை இடையீடின்றி நேரே செயலியிலேயே நிறைவேற வேண்டும் என்பது இரண்டாம் விதி. வளங்களின் மீதான ஆட்சி முற்றிலும் மேற்பார்வை நிரலின் கையிலேயே இருக்க வேண்டும் என்பது மூன்றாம் விதி.

பின்னாளில் பரவிய சிறு கணினிகளின் இன்டெல் வகைச் செயலிகள் இவ்விலக்கணத்துக்கு முழுமையாக அடங்கவில்லை. அடங்காத கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதும் உத்தியைக் கையாண்டு, 1998-ஆம் ஆண்டில் தோன்றிய வி.எம்.வேர் நிறுவனம் அடுத்த ஆண்டிலேயே தன் மென்பொருளை வெளியிட்டது. 2005-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனமும் 2006-ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனமும் செயலியிலேயே இதற்குரிய வசதியைச் சேர்த்தன. 2007-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்த லினக்ஸ் பதிப்பில் கே.வி.எம். என்னும் மேற்பார்வைப் பகுதி இடம்பெற்றது. பெரும் நிறுவனங்களின் தனிச்சொத்தாக இருந்த கலை, காலப்போக்கில் எளிய சங்கங்களுக்கும் தனி மாணவர்களுக்கும் கைக்கெட்டும் கனியாயிற்று.

முகம் இல்லை, கைரேகை உண்டு

சிங்கப்பூர் அரசு 2019-ஆம் ஆண்டில் புதிய தரவு நிலையங்களை அமைப்பதை இடைக்காலமாக நிறுத்திவைத்தது. 2022-ஆம் ஆண்டில் கடுமையான நிபந்தனைகளுடன் மீண்டும் இசைவு அளித்தது. அக்காலத்திலும் அதன் பின்னரும், ரப்பரும் செம்பனையும் செழித்த ஜொகூர் மாநிலத்தில், கூலாய், செடெனாக் முதலிய இடங்களில் பெரும் தரவு நிலையங்கள் எழுந்தன. அந்நிலையங்களுள் ஒன்றில் ஒரு தமிழ்ச் சங்கம் ஒரு கணினியை வாடகைக்கு எடுத்திருப்பதாகக் கொள்ளலாம். சங்கம் இருப்பது ஈப்போவில். கணினி இருப்பது ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு அப்பால். அதனைப் பேணும் பொறுப்பை ஓர் இளைஞன் ஏற்றிருக்கிறான்.

அக்கணினியில் மூன்று பொறிகள் வேண்டும் என்று சங்கம் கருதுகிறது. ஒன்று, பொதுமக்கள் காணும் இணையப் பக்கத்துக்கு. மற்றொன்று, சங்கத்தின் ஆவணக் காப்பகத்துக்கு. மூன்றாவது, புதியன கற்கும் மாணவர்கள் துணிந்து பிழை செய்து பழகுவதற்கு. மூன்றையும் ஒரே கணினியில் ஒன்றாகக் கலந்து வைத்தால் ஆகாதா என்று வினவலாம். இணையப் பக்கம் ஊரறிந்த வாசல். கயவரும் அதனைத் தட்டிப் பார்ப்பர். பயிற்சிப் பொறி நாளுக்கொரு முறை கெட்டுத் திருந்தும். காப்பகமோ அத்தகையது அன்று. மூடப்பட்ட தோட்டப் பள்ளிகளின் ஆண்டு மலர்களும், மாணவர் குழுப் படங்களும், பரிசளிப்பு விழா அழைப்பிதழ்களும் ஒளிவருடப்பட்டு அதில் உறங்குகின்றன. அவற்றுள் சிலவற்றின் தாள்களைக் கரையான் தின்றுவிட்டது. எஞ்சியிருப்பது கணினியில் உள்ள படி ஒன்றே. மூன்று பொறிகளுக்கிடையே எழுப்பப்படும் சுவர், அந்த ஒரே படிக்கு இடப்படும் வேலி.

சங்கத்தின் முதிய செயலாளர் ஒருவருக்கு இதில் ஐயம் எழுவது இயல்பே.

"தம்பி, நம் கணினி எங்கே இருக்கிறது? ஒருநாள் போய்ப் பார்த்து வரலாமா?"

"ஐயா, நானே அதை இன்னும் பார்த்ததில்லை."

"பாராமலா இத்தனை நாளாய் அதை நடத்துகிறாய்?"

"கடிதத்தில் பேசுவது போலத்தான் ஐயா. எழுதி அனுப்புகிறேன், அதுவும் எழுதிப் பதில் சொல்கிறது."

இளைஞன் கூறிய விடையில் பிழை இல்லை. அந்தக் கடிதப் போக்குவரத்துக்கு எஸ்.எஸ்.எச். என்று பெயர். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவாடப்பட்ட நிகழ்ச்சியை அடுத்து, 1995-ஆம் ஆண்டில் தாத்து யுலோனன் என்னும் ஆய்வாளர் இதனை உருவாக்கினார். இடைவழியில் எவர் பிரித்தாலும் படிக்க இயலாத வண்ணம் இக்கடிதங்கள் மறைபொருளாக்கி அனுப்பப்படுகின்றன. கடவுச்சொல்லை விடத் திறவுகோல் இணையே இதற்குச் சிறந்தது. இணையின் ஒரு பகுதியைத் தொலைவிலுள்ள கணினியில் வைத்துவிடலாம். அதனைப் பிறர் கண்டாலும் கேடில்லை. மற்றப் பகுதி உரியவனின் கையை விட்டு அகலக் கூடாது.

முதன்முறை நுழையும்போது தொலைக்கணினி தன் கைரேகையைக் காட்டும். கைரேகை என்பது எழுத்தும் எண்ணும் விரவிய ஒரு நீண்ட தொடர். தரவு நிலையம் அளித்த குறிப்போடு அதனை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே 'ஆம்' என்று எழுத வேண்டும். பலர் படித்துப் பாராமலேயே 'ஆம்' என்று தட்டிவிடுகின்றனர். முகம் இல்லாத ஒன்றுக்குக் கைரேகை ஒன்றே அடையாளம். அதையும் பாராதவன், யாருடன் பேசுகிறோம் என்று அறியாமலேயே வீட்டின் சாவியை நீட்டுகிறான்.

நுனிமரமும் அடிமரமும்

மெய்நிகர் பொறிகளை அமைக்கும் பணியில் நெஞ்சை நடுங்கவைக்கும் கட்டம் ஒன்று உண்டு. அதுவே வலையமைப்பை மாற்றும் கட்டம். கே.வி.எம். வழியில் அமைக்கப்படும் பொறிகளுக்கு முதலில் ஓர் உள்வலையே கிடைக்கிறது. அதிலிருந்து பொறிகள் வெளியே போய்வரலாம். வெளியிலிருந்து எவரும் நேரே அவற்றை அணுக இயலாது. காப்பகத்துக்கு அது போதும். இணையப் பக்கத்துக்கு அது போதாது. வருவோருக்கு வழி வேண்டும். அதற்கெனத் தாய்க்கணினியின் வலை அட்டையோடு ஒரு பாலத்தை இணைப்பது வழக்கம். பாலம் அமைந்ததும், அதுவரை வலை அட்டைக்கு உரியதாக இருந்த முகவரி பாலத்துக்கு மாற வேண்டும். அட்டையைப் பாலத்தில் சேர்த்துவிட்டு முகவரியை மாற்ற மறந்தால், அந்த நொடியே தொடர்பு அறுந்துவிடும். கட்டளை இட்டவன் வந்த வழியும் அதுவே; திரும்பும் வழியும் அதுவே. நுனிமரத்தில் அமர்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டியவன் கதைதான் அது.

கண்ணெதிரே கணினி இருந்தால் இப்பிழை பெரிதன்று. விசைப்பலகையை இழுத்து இரண்டு வரி எழுதித் திருத்திவிடலாம். தலையில்லாக் கணினியில் அதற்கு வழியில்லை. அதனால் அனுபவம் மிக்கோர் சில நெறிகளைக் கைக்கொள்கின்றனர். திறந்திருக்கும் தொடர்பை மூடாமல், வேறொரு தொடர்பைப் புதிதாகத் திறந்து பார்ப்பர். புதிய வழி திறந்த பின்னரே பழைய வழியை விடுவர். காவல் விதிகளை மாற்றுமுன், 'பத்து நிமிடத்தில் பழைய விதிகளை மீட்டுக்கொள்' என்று கணினிக்கே ஒரு கட்டளையை எழுதி வைப்பர். புதிய விதி சரியாக அமைந்தால் அக்கட்டளையை நீக்கிவிடலாம்; பிழைபட்டால் பத்து நிமிடம் காத்திருந்தால் கதவு தானே திறக்கும். உபுண்டு வகை லினக்ஸில் இதற்கென ஒரு வசதியே உள்ளது. புதிய வலையமைப்பை வெள்ளோட்டமாக நடைமுறைப்படுத்திவிட்டு 120 நொடிகள் அது காத்திருக்கும். அதற்குள் ஒப்புதல் வராவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். பதில் எழுத இயலாத நிலையில் மனிதன் சிக்கிக்கொள்வான் என்பதை முன்னரே எண்ணிப் பார்த்தவர்களின் கைவண்ணம் இது.

எல்லா வழியும் அடைபட்டபோது உதவும் பின்வாசல் ஒன்றும் உண்டு. தரமான வழங்கிக் கணினிகளின் தாய்ப்பலகையில் தனியாக ஒரு சிறு கணினி பொருத்தப்பட்டிருக்கும். பெரிய கணினி அணைந்திருந்தாலும் மின்சாரம் உள்ளவரை இது விழித்திருக்கும். பெரிய கணினியை எழுப்பவும் அணைக்கவும் அதன் திரையைத் தொலைவுக்குக் காட்டவும் இதனால் இயலும். ஐ.பி.எம்.ஐ. என்னும் பொது விதிமுறையை 1998-ஆம் ஆண்டில் இன்டெல் முதலிய நிறுவனங்கள் இதற்காக வகுத்தன. ஆயினும் பின்வாசலை ஊரார் பார்க்கும்படி திறந்து போடலாகாது. பெரும் வல்லமை உடைய இச்சிறு கணினியைப் பொது இணையத்திலிருந்து மறைத்தே வைத்தல் வேண்டும்.

வினா வருமுன் விடை

தொடர்பு உறுதியான பின் பொறிகளை உருவாக்கும் வேலை தொடங்குகிறது. ஒரு கணினியில் இயங்குதளத்தை நிறுவும்போது அது பல வினாக்களைக் கேட்கும். எந்த மொழி? எந்த நேர மண்டலம்? வட்டை எவ்வாறு பிரிப்பது? பயனர் பெயர் யாது? திரை உள்ள கணினியில் வினாவைப் பார்த்து விடை அளிக்கலாம். திரையில்லாத இடத்தில் விடைகளையெல்லாம் முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைப்பது வழக்கம். கணினி வினாவை எழுப்பும். கோப்பிலிருந்து விடையை எடுத்துக்கொள்ளும். விடைத்தாளை எழுதியவன் அவ்வேளையில் உறங்கிக்கொண்டிருக்கவும் கூடும். வினாத்தாளைப் பாராமல் விடை எழுத வேண்டுமெனில், அப்பாடம் முழுவதும் அவனுக்குத் தெளிந்திருக்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விட இங்கு இடமில்லை. இந்த முயற்சிக்குப் பயனும் உண்டு. ஒருமுறை செம்மையாக எழுதிய கோப்பைக் கொண்டு மூன்று பொறிகளையும் அமைக்கலாம், முப்பதையும் அமைக்கலாம்.

பொறி பிறந்ததும் அது பேச ஒரு வாய் வேண்டும். வலையமைப்பே இன்னும் சரியாகாத பொறியிடம் எஸ்.எஸ்.எச். வழியே பேச இயலாது. அதற்குத் தொடர் முனையம் என்னும் பழைய வழி கைகொடுக்கிறது. ஒவ்வோர் எழுத்தாக, ஒரே கம்பியில் வரிசையாகச் செல்லும் வழி அது. லினக்ஸில் இம்முனையங்களின் பெயர் 'டி.டி.ஒய்.' என்றே தொடங்குகிறது. அப்பெயர் அந்நாளைய தொலைத்தட்டச்சுப் பொறியின் பெயரிலிருந்து வந்தது. மெய்நிகர் பொறியில் கம்பியும் இல்லை. தட்டச்சுப் பொறியும் இல்லை. ஆயினும் நொடிக்கு 115,200 துணுக்குகள் என்று பழைய முறையில் வேகத்தைக் குறித்து, 'உன் வெளியீட்டைத் தொடர் முனையத்துக்கு அனுப்பு' என்று எழுதிவிட்டால், தொடங்கும் போதே பொறி தன் நிலையை வரிவரியாகச் சொல்லத் தொடங்கும். படமும் வண்ணமும் கைவிட்ட இடத்தில் எழுத்து கைவிடாமல் நிற்கிறது.

எழுத்தை நம்பி நடக்கும் இவ்வுலகில் சொற்பிழை பெரும்பிழையாக மாறுகிறது. தாய்க்கணினியின் சாளரமும் மெய்நிகர் பொறியின் சாளரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வரியின் தொடக்கத்தில் உள்ள பெயர் மட்டுமே வேறு. பயிற்சிப் பொறியை நிறுத்துவதாக எண்ணித் தாய்க்கணினியின் சாளரத்தில் 'நிறுத்து' என்று எழுதினால், மூன்று பொறிகளும் அதனோடு சேர்ந்து அடங்கிவிடும். 'மீண்டும் தொடங்கு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'நிறுத்து' என்று எழுதிவிட்டால், 500 கிலோமீட்டருக்கு அப்பால் பொத்தானை அழுத்த ஆளைத் தேட வேண்டும். அல்லது மேலே கூறிய பின்வாசலை நாட வேண்டும். ஆதலால் ஒவ்வொரு கணினிக்கும் குழப்பமற்ற பெயர் சூட்டுவதும், கட்டளையை எழுதியபின் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பதும் நல்ல பழக்கம்.

சொல்லின் பொருளை அகராதியில் மட்டும் தேடினால் போதாது. வழக்கிலும் தேட வேண்டும் என்பதற்கு இத்துறையில் ஓர் அரிய சான்று உண்டு. மெய்நிகர் பொறிகளை ஆளும் விர்ஷ் என்னும் கருவியில் 'டெஸ்ட்ராய்' என்று ஒரு கட்டளை உள்ளது. அழித்துவிடு என்பது அதன் அகராதிப் பொருள். ஆனால் அக்கட்டளை எதையும் அழிப்பதில்லை. மின்கம்பியைப் பிடுங்கினாற்போல் பொறியைச் சட்டென்று நிறுத்துகிறது. வட்டு அப்படியே இருக்கும். எழுதி முடியாத கோப்புகள் பழுதுபடக்கூடும். மாறாக, 'அன்டிஃபைன்' என்று மென்மையாக ஒலிக்கும் கட்டளையோ பொறியின் வரையறையையே நீக்குகிறது. அதனோடு சேமிப்பையும் நீக்கும்படி ஒரு குறிப்பைச் சேர்த்தால், வட்டும் மறைந்துவிடும். அச்சம் தரும் சொல் தீங்கு குறைந்ததாகவும், சாதுவாகத் தோன்றும் சொல் மீளாத் தீங்கு உடையதாகவும் இருக்கும் விந்தையை இங்கே காணலாம்.

அளந்து கொடுத்தல்

பொறிகளுக்கு வளங்களைப் பங்கிடுவது குடும்பத்தில் வரவு செலவு காண்பதை ஒத்தது. தாய்க்கணினியின் நினைவகம் 64 ஜிகாபைட் எனில், மூன்று பொறிகளுக்கும் தலா 16 என 48 வழங்கிவிட்டு, எஞ்சிய 16-ஐத் தாய்க்கணினிக்கே விட்டுவைப்பது அறிவுடைமை. முழுவதையும் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுவிட்டுத் தாய் பட்டினி கிடந்தால் குடும்பமே தள்ளாடும். நினைவகம் தீர்ந்த நிலையில் தாய்க்கணினி தன் உயிரைக் காத்துக்கொள்ள ஏதேனும் ஒரு நிரலைக் கொன்றுவிடும். கொல்லப்படுவது காப்பகப் பொறியாகவும் இருக்கலாம்.

வட்டின் கணக்கு இன்னும் நுட்பமானது. 1,000 ஜிகாபைட் வட்டில் மூன்று பொறிகளுக்கும் தலா 500 தருவதாக வாக்களிக்க இயலும். எழுதப்படும் அளவுக்கு மட்டுமே இடம் கொள்ளும் கோப்பு வடிவம் இதற்கு வகை செய்கிறது. கையில் இருப்பது ஆயிரம். கொடுத்த வாக்கோ ஆயிரத்து ஐந்நூறு. மூவரும் ஒரே காலத்தில் வாக்கை மீட்க வராதவரை எல்லாம் நலமே. வந்துவிட்டால் எழுத இடமின்றிப் பொறிகள் இடைநின்றுவிடும். கடன்பட்டவன் கணக்கை நாள்தோறும் பார்ப்பது போல, வட்டின் நிறைவை நாள்தோறும் பார்த்துவருதல் பொறுப்பாளனின் கடமை.

பொறிகளுக்கிடையே எழும் சுவரைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. சமையலும் வரவு செலவும் தனித்தனி. ஆயினும் ஒரு வீட்டில் நடக்கும் பேச்சு அடுத்த வீட்டில் கேட்கும். மெய்நிகர் பொறிகளின் சுவரும் முற்றிலும் ஓசை புகாத சுவர் அன்று என்பதை 2018-ஆம் ஆண்டு சனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் செயலிக் குறைகள் காட்டின. செயலி விரைவுக்காகச் செய்யும் முன்னூகங்களின் சுவடுகளைக் கொண்டு, மறைந்திருக்க வேண்டிய செய்தியைப் பிறர் அறிய வாய்ப்பு இருந்தது. சுவருக்கும் காது உண்டு என்ற பழமொழி கணினிக்கும் பொருந்திற்று. இயங்குதளத்தையும் செயலியின் உள்நிரலையும் காலந்தோறும் புதுப்பித்து வருவதே இதற்குரிய காவல்.

காத்து ஒப்படைத்தல்

பொறிகள் மூன்றும் ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையான தேர்வு முதல் மின்தடையின்போதுதான் வருகிறது. தாய்க்கணினி மீண்டும் எழும்போது பொறிகளும் தாமே எழ வேண்டுமென்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டளை இட்டிருக்க வேண்டும். இடாவிட்டால் தாய் எழுந்திருக்கும், பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருக்கும். ஆதலால், நள்ளிரவு மின்தடைக்குக் காத்திராமல், பகலில், விழிப்புடன் இருக்கும் வேளையில், வேண்டுமென்றே ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்ப்பது நல்லாசிரியர் நடத்தும் முன்தேர்வைப் போன்றது. தாமே எழும் பொறிகளை அன்று கண்டபின் பொறுப்பாளன் நிம்மதியாக உறங்கலாம்.

மெய்நிகர் பொறிக்கு உள்ள மற்றொரு சிறப்பு, அது உடலை விட்டு உடல் மாறவல்லது என்பது. திருமூலர் மூலன் என்னும் இடையனின் உடலில் புகுந்தார் என்று பெரியபுராணம் கூறும். கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று அதனைத் தமிழர் அழைத்தனர். ஓடிக்கொண்டிருக்கும் பொறியை நிறுத்தாமலேயே ஒரு தாய்க்கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வசதியை வி.எம்.வேர் நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் அளித்தது. கே.வி.எம். முறையிலும் இது இயலும். இரண்டு செயலிகளும் ஒத்துப்போக வேண்டும். வட்டு இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும், அல்லது அதுவும் உடன் பெயர வேண்டும். வாடகைக் கணினி பழையதாகிவிட்டாலும் அதில் வாழும் காப்பகம் பழையதாக வேண்டியதில்லை.

எனினும் உடல் அழியுமுன் மாற வேண்டும். அழிந்தபின் மாற இயலாது. பொறியின் ஒருகால நிலையைப் பதிந்து வைக்கும் நிலைப்படத்தை நம்பிப் பலர் ஏமாறுகின்றனர். நிலைப்படம் அதே வட்டில் உறங்குவது. வட்டு போனால் அதுவும் போகும். 2021-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருந்த ஒரு பெரிய தரவு நிலையத்தில் தீப்பற்றி, ஒரு கட்டடம் முற்றிலும் எரிந்தது. நகலை வேறிடத்தில் வைத்திருந்தவர்கள் மீண்டெழுந்தனர். அசலும் நகலும் ஒரே இடத்தில் வைத்திருந்தவர்களுள் பலர் அனைத்தையும் இழந்தனர். கரையான் தின்ற மலர்களைக் கணினியில் ஏற்றிய சங்கம், கணினியைத் தின்னும் நெருப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஜொகூரில் உள்ளதன் நகல் ஒன்று ஈப்போவிலும், இன்னொன்று வேறோர் ஊரிலும் இருத்தல் வேண்டும். மேலும், நகலிலிருந்து ஒரு மலரையேனும் எடுத்துத் திறந்து பார்த்திருக்க வேண்டும். திறந்து பாராத நகலை நகல் என்று நம்பிக் கிடப்பது, எண்ணிப் பாராத பணத்தைக் கணக்கில் எழுதுவது போன்றது.

இவ்வளவும் செய்தபின் எஞ்சுவது குறிப்பேடு. எந்த நாளில் எந்தக் கட்டளை இடப்பட்டது, ஏன் இடப்பட்டது, எந்தப் பொறிக்கு எவ்வளவு வழங்கப்பட்டது, பின்வாசல் எங்கே உள்ளது, நகல்கள் எங்கெங்கே உள்ளன என்பவற்றைத் தெளிந்த தமிழில் எழுதி வைக்க வேண்டும். கடவுச்சொற்களும் திறவுகோல்களும் அந்த ஏட்டில் இடம்பெறலாகாது. அவற்றுக்குத் தனிக் காவல் உண்டு. இளைஞன் நாளை வேலை மாறலாம்; வேற்றூர் செல்லலாம். அவனுக்குப் பின் வருபவனும் அந்தக் கணினியைக் கண்ணால் காணப்போவதில்லை. முன்னவனின் முகத்தையும் அவன் காணாதிருக்கலாம். அவனுக்குக் கிடைப்பது எழுத்து மட்டுமே. அந்த எழுத்து தெளிவாக இருந்தால் தோட்டப் பள்ளிகளின் மலர்கள் இன்னொரு தலைமுறைக்கு வாழும்; தெளிவற்றிருந்தால், கணினி நலமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அவை கைக்கெட்டாமல் போகும்.

பள்ளிகளில் கணினி கற்பிக்கும்போது கட்டளைகளை மனப்பாடம் செய்விப்பதோடு நின்றுவிடலாகாது. ஒரு செயலைத் தொடங்குமுன் அது தவறினால் திரும்பும் வழி யாது என்று எண்ணவும், செய்தபின் பிறர் படித்து அறியுமாறு எழுதவும் மாணவர்களைப் பழக்க வேண்டும். கட்டுரை எழுதக் கற்பிக்கும் தமிழாசிரியருக்கு இதில் பெரும்பங்கு உண்டு. சொல்லை அளந்து எழுதவும், எழுதியதை மீண்டும் படித்துப் பார்க்கவும், காணாத வாசகனுக்கு ஐயமின்றி உணர்த்தவும் அவரிடம் பழகிய மாணவன், காணாத கணினியின் முன்னும் தடுமாறமாட்டான்.